சின்னவன் வேறு இனமாம்

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், பூனைகள் இரண்டும் நலம். சித்தியும் குழந்தைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இதை வைக்கோல் அறையில் ஒளிந்துகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே படிப்பை விட்டவள் நான். "வாயே திறக்காத பொண்ணு, மிருகங்களோட இருக்கட்டும்" என்று நீங்கள்தானே இந்த மிருகக்காட்சி சாலையில் சேர்த்துவிட்டீர்கள்? நிம்மதியாகத்தான் இருந்தேன். என் பொறுப்பில் இரண்டு காட்டுப்பூனைகள். ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே கோடு, ஒரே கடுகடுத்த முகம். இறைச்சித் தட்டை வைத்ததும் முதலில் பாய்ந்து வருகிறவன் பெரியவன், மற்றவன் சின்னவன், எனக்குத் தெரிந்த அடையாளம் அவ்வளவுதான். அண்ணன் தம்பி என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். இங்கே மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா எடுத்தனுப்பிய ரத்தத்துக்குப் போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. அதைப் படித்ததும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்னவனின் மரபணுவே வேறாம், அவன் தனி இனமாம், மனிதன் தோன்றுவதற்கு முன்பே இவர்கள் வம்சம் பிரிந்துவிட்டதாம். எனக்குத் தலை சுற்றியது. அன்று காலையில்தான் இரண்டும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்தன!

"அப்போ சொந்தமே இல்லையா? இந்தச் சண்டை போடுதுங்களே, கூடப் பிறந்ததுங்கன்னுல்ல நினைச்சேன்!" என்றார் இறைச்சி வெட்டுகிறவர்.

உடனே தச்சர் வந்தார். இரண்டையும் இரண்டு பெட்டியில் அடைத்து வெளியே வைத்தார், கூண்டின் நடுவே வலை அடித்தார், பக்கத்துக்கு ஒன்றாக விட்டார், சின்னவன் பக்கம் "புது இனம்" என்று பெயர்ப்பலகை மாட்டினார். இரண்டும் வலையோடு வலையாக முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. தனித்தனித் தட்டு என்பதால் இப்போது இரண்டுமே முதலில் பாய்கின்றன. இதைப் பார்த்தே மனம் தாங்கவில்லை, அதற்குள் மேலாளர் என் கையில் மைக்கைத் திணித்தார்.

"வர்ற ஜனங்களுக்கு நீயே விளக்கிச் சொல்லு."

"சார்... நானா?"

"பின்னே பூனையா சொல்லும்? முடியாதுன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

முதல் நாள் "வணக்கம்" என்றேன். மைக் வீல் என்று அலறியது, நானும் அலறிக்கொண்டு வைக்கோல் அறைக்குள் ஓடிவிட்டேன். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்து, திறந்து பார்த்தால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுக்க எதிரே நிற்கிறார்கள். "அக்கா, நீங்க எந்த இனம்?" என்று ஒரு வாண்டு கேட்டது. மறுபடி வைக்கோல் அறை. சித்தப்பா, இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. நீங்கள் உடனே வந்து மேலாளரிடம் பேசுங்கள். முதலைக் குளத்தைக் கழுவச் சொன்னாலும் கழுவுகிறேன். முதலை யாரையும் கேள்வி கேட்காது.

சித்திக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள். உங்கள் ஆசியையும் உங்கள் வரவையும் எதிர்பார்த்து,

அண்ணன் மகள்.

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிட்டது. இன்று குடை பிடித்த ஒருவர் தன் மனைவியிடம், "எல்லாம் ஏமாத்து வேலை. ரெண்டும் தெருப்பூனைதான், வா" என்றார். எனக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. "நில்லுங்க சார்!" என்று மைக்கில் கத்திவிட்டேன். மிருகக்காட்சி சாலையே திரும்பிப் பார்த்தது. பிறகு நான் நிறுத்தவில்லை. மரபணு, வம்சம், வால் எல்லாம் சொன்னேன். குடைக்காரரே நின்று சந்தேகம் கேட்டார். கடைசியில் மேலாளர் ஒயரைப் பிடுங்கித்தான் என்னை நிறுத்தினார். கூட்டம் கலைந்த பிறகு டாக்டரம்மா வந்து, ரத்தம் எடுத்த அன்று தான் பூனைகளின் காதுக்குள் குத்திய அடையாளத்தைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தச்சர் பெட்டிகளை மாற்றித் திறந்திருக்கிறார். புது இனம், புது இனம் என்று நான் நாளெல்லாம் காட்டியது பெரியவனை! ஆகவே சித்தப்பா, தயவுசெய்து வந்துவிடாதீர்கள். சொன்னதையெல்லாம் நாளைக்கு நானே மாற்றிச் சொல்ல வேண்டும். மேலாளரோ அதற்கு வேறொரு ஆளைப் போடப் பார்க்கிறார். மைக்கை நான் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.