கடைசி ஆளுக்குப் பின்னால்

இதைக் கொஞ்சம் பிழையாகச் சொன்னாலும் நௌஃபரை முட்டாள் என்றும் அவர் மனைவி உம்மு குல்தூமை அடங்காதவள் என்றும் நினைத்துவிடுவீர்கள். அந்தப் பயத்தோடுதான் தொடங்குகிறேன். இரண்டு பேரும் நல்லவர்கள். நௌஃபருக்கு ஐம்பத்து நாலு வயது, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். அது மட்டும்தான் பிரச்சினை.

குறிஞ்சிப்பிட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு சங்கம் பந்தயம் வைத்தது. சனிக்கிழமை, தென்னந்தோட்டமும் மணல்மேடுமாகப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மலைச் சைக்கிள் ஓட்டம். ஊரில் மலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நௌஃபர் இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டு, ஓடுவதற்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தை அலுமாரிக்கு மேலே ஒளித்துவைத்தார். பச்சையும் செம்மஞ்சளும் கலந்த சப்பாத்து. அதை ஒளிக்க அந்த வீடே போதாது.

மகள் இல்மாவின் பெயரைச் சொல்லித்தான் குல்தூம் அவரைக் கூப்பிடுவாள். "இல்மாட வாப்பா, டொக்டர் உங்கள நடக்கத்தானே சொன்னாரு?"

"ரோட்டில ஓட வேணாம் எண்டாரு. இது மணல் புள்ள. மெத்தை மாதிரி இரிக்கும்."

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவளுடைய மீன் ஆணத்தில் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கவில்லை. அந்த அமைதியில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. இன்னொரு தடவை அது முடியாது.

பெயர் பதியும் நிஷாந்தினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பெயரை வெட்டிவிடட்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டது. குல்தூம் பதறிப்போனாள். வெட்டினால் மனுசன் வீம்புக்குத் தனியாக ஓடுவார். ஓடாமலேயே ஓட்டத்தில் இருக்கும்படி ஒரு வேலை வேண்டும். அப்படி ஒன்று இருந்தது. கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் ஒருவர் வரவேண்டும், வழியில் யாரும் விழுந்து கிடக்காமல் பார்க்க. அவர் யாரையும் முந்தக் கூடாது.

அன்று பின்னேரம் நௌஃபர் மஞ்சள் சட்டையும் விசிலுமாக வந்தார். தொண்ணூறு பேருடைய உயிர் தன் கையில் என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டினார்.

"கடைசி ஆளும் ஓடத்தானே செய்வான்? நானும் பின்னால ஓடுவன்."

குல்தூம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மறுநாள் காலையில் மறுபடியும் நிஷாந்தினியிடம் போனாள்.

சனிக்கிழமை விசில் ஊதியதும் தொண்ணூறு பேரும் பறந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள் மட்டும் நின்றது. அபாயா, றப்பர் செருப்பு, குடை, நெஞ்சில் குத்திய இலக்கம்.

"நீ எங்க இங்கின?"

"புள்ளைகளுக்குக் கண்ணாடி வேணுமே."

"சரி, கொஞ்சம் எட்டி நட."

"நான்தான் கடைசி ஆள். பின்னுக்கு வாங்க. முந்தினா சட்டையக் கழட்டிருவாங்க."

அவள் நடந்தாள். வெங்காயத் தோட்டத்தில் விலை கேட்டாள். தென்னை நிழலைக் கண்ட இடமெல்லாம் நின்றாள். அவர் விசில் ஊதினால், ஆடுகள் மிரளுது என்றாள்.

மணல்மேட்டில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டது. செருப்பில் கல் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அந்த மணலில் கல்லே கிடையாது. அது இருவருக்கும் தெரியும். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

"கல்லு போயிட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. கொஞ்சம் இரிங்க."

அவர்கள் வந்துசேரும்போது வரவேற்புப் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் தவறவிடாமல் கொண்டுவந்தாரே என்று நிஷாந்தினி நௌஃபரைப் பாராட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் ஓட்டத்துக்கும் அதே மஞ்சள் சட்டையைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் கதிரையில் சாய்ந்தவருக்கு முகமெல்லாம் வெற்றி. நாளைக்கு இருபது கிலோமீற்றர், பறக்கலாம்.

"நாளைக்கு நீ எங்கால வருவா? ஒனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

குல்தூம் அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய சைக்கிளை முற்றத்துக்குள் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். அதில் இலக்கம் ஏற்கெனவே கட்டியிருந்தது.

"ஓம், தெரியாதுதான்," என்றாள். "உருட்டிக்கிட்டு வருவன்."