முறைப்படியார் வீட்டுத் துக்கம்

1927 மே 8, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்தேன். பல் துலக்கி, பின்புறக் குழாயில் குளித்து, விபூதி பூசி, கறுப்புக் கோப்பி போட்டுக் குடித்தேன். அந்த வாரத்துச் சட்டைகளை ஊறவைத்தேன். சப்பாத்துக்கு மெருகு போட்டு வாசலோரம் வைத்தேன். வெயில் நன்றாக இருந்தது. குறை சொல்ல முடியாத காலை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் என்னுடன் ஒரே வீட்டில் இருந்தவர் முறைப்படியார். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. உயிரோடு இருக்கும் தகப்பனுக்கு ஊரைக் கூட்டித் துக்கம் கொண்டாடிய மனிதர் மலாயா முழுவதும் தேடினாலும் இவர் ஒருவர்தான்.

எதையும் முறைப்படிதான் செய்வார். புதுக் குடை வாங்கினால், நனையாத குடையை நம்பக் கூடாது என்று ஓர் இரவு முழுவதும் தொட்டியில் ஊறவைப்பார். சைக்கிள் பழகுவதற்கு முன்னால், பெஞ்சின்மேல் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்து, ஒரு வாரம் கால்களை மட்டும் சுற்றிப் பழகினார். பெஞ்சிலிருந்தும் ஒருமுறை விழுந்தார்.

ஞாயிறுதோறும் எங்கள் வரிசை வீடுகளுக்கு நாவிதர் கோவிந்தன் வருவார். அருமையான கை. ஆனால் கதை சொல்லுவார். கன்னத்தில் தொடங்கும் கதை, கத்தி கழுத்துக்கு வரும்போது சரியாக உச்சத்துக்கு வரும். அந்த இடத்தில் அவர் கதையை நிறுத்துவார், கத்தியை நிறுத்த மாட்டார். "கழுத்தை வெச்சுக்கிட்டுக் கதை கேட்க என்னால முடியாதுங்க" என்று சொல்லி, முறைப்படியார் தானே சவரம் செய்துகொள்வதென்று முடிவு கட்டினார்.

பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு கடையில் பிளேடு மாட்டும் ரேசர், பிரஷ், மரக்கிண்ணத்தில் சோப்பு, படிகாரக் கட்டி எல்லாம் வாங்கிவந்தார். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஒரு துரை சவரம் செய்துகொள்வதை வரிசையாகப் படம் போட்டு எண் கொடுத்திருந்தார்கள். முறைப்படியார் அந்தத் தாளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார்.

நேராக முகத்தில் கை வைப்பது முறையில்லை என்று, பாசாரில், அதாவது சந்தையில், ரம்புத்தான் வாங்கிவந்தார். மேலெல்லாம் மயிர் முளைத்த பழம். பழத்துக்கு நுரை போட்டு, மயிரை வழித்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"என்னங்க இது, பழத்துக்குச் சவரமா?"

"முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தாங்க இழுக்கணும். இதுக்கு எல்லாப் பக்கமும் சாயுது. இதுல தேறிட்டா முகம் சுலபம்."

சவரம் முடிந்த பழங்களை வீணாக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் இரண்டு கொடுத்தார். நாள் முழுவதும் என் ஏப்பத்தில் சோப்பு மணந்தது.

அந்த மே எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான் முகத்தில் முதல் சவரம். துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வட்டமாகச் சுற்றி நுரை எழுப்பினார். தோல் தெரியாதபடி பூச வேண்டும் என்று படம் காட்டியது. கண்ணும் மூக்கு நுனியும் தவிர மற்றதெல்லாம் மறைந்தது. ரேசரைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ஒவ்வொரு படமாகப் பார்த்து இழுத்தார். தாடையில் இரண்டு கீறல், படிகாரம் வைத்தார். முதல்முறைக்கு அது குறையே அல்ல. குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்படிங்க?"

"மீசை எங்கங்க?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

"நாலாம் படம்," என்றார் மெதுவாக. "நாலாம் படத்துல மேலுதடு."

"அந்தத் துரைக்குத்தான் மீசையே கிடையாதே!"

 தகப்பன் உயிரோடு இருக்கும்போது மீசையை எடுக்கிறவன் நம்மில் யார்? அவருடைய தகப்பனார் கிள்ளானில் இருந்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியாக இருந்தார். மகன் துறைமுக வேலையை விட்டு ரயில்வேக்கு வந்ததில் இருவருக்கும் சண்டை. "நீங்க செத்தாத்தான் இனிமே இந்த வாசல்ல கால் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அதன்பிறகு போகவேயில்லை. அந்தப் பேச்சு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கிள்ளான் டிக்கெட் கொடுக்கும்போது மட்டும் அவர் ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

அப்போது பெட்டியோடு கோவிந்தன் வந்தார். முறைப்படியாரின் முகத்தைப் பார்த்ததும் பெட்டி கீழே இறங்கியது. தோளில் இருந்த துண்டும் இறங்கியது.

"ஐயா... எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? மீசையை நீங்களே எடுத்துக்கிட்டீங்க, சரி. தலையையாவது எனக்கு விட்டு வையுங்க ஐயா."

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வரிசை முழுவதும் அவருக்கு வாடிக்கை.

கோப்பிக் கிண்ணங்களைக் கழுவி முடிப்பதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பட்டறை மேஸ்திரி சுப்பையா. வயதில் பெரியவர். முறைப்படியார் எழுந்து, "வாங்கய்யா, உட்காருங்க" என்றார்.

"துக்க வீட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாது தம்பி. முறையில்ல."

முறையில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் முறைப்படியாரின் வாய் தானாக மூடிக்கொண்டது. நான் அவசரமாக, "ஐயா, இவங்க அப்பா நல்லா இருக்காரு" என்றேன்.

"நல்லா இருக்கட்டும். புண்ணியவான் போற இடம் நல்ல இடம்தான்," என்றார் சுப்பையா, கண்ணை மூடி.

படத்தைப் பார்த்துச் சவரம் செய்ததில் மீசை போயிற்று என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "சோகத்துல சிநேகிதருக்கும் மூளை கலங்கிப்போச்சு" என்று எனக்கும் இரண்டு பேர் துக்கம் கேட்டார்கள்.

கிள்ளான் ரயிலில் கார்டாகப் போகும் அந்தோணி, சீருடையோடு வந்து பாயில் உட்கார்ந்தார். மற்றவர்கள்போல் அவர் மௌனமாக இருக்கவில்லை.

"போன வாரம்கூட உங்கப்பா கிள்ளான் பிளாட்பாரத்துல நின்னாரே தம்பி! நான் இறங்கினா போதும், ஓடி வருவாரு. கவுன்ட்டர்ல என் மகன் இருக்கானா, மெலிஞ்சிட்டானா, சாப்பிடுறானான்னு கேட்பாரு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்பாரு. அதனாலதான் சொல்லல."

முறைப்படியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அழுதார். வந்தவர்கள் எல்லோரும் திருப்தியாகப் பெருமூச்சு விட்டார்கள். நான் ஒருவன்தான் பயந்துபோனேன், ஏனென்றால் அது உண்மையான அழுகை.

அந்தோணி மதிய வண்டிக்குப் புறப்பட்டதும் முறைப்படியார் என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"நான் கிள்ளானுக்குப் போகணுங்க. அப்பாவைப் பார்க்கணும்."

"இப்பவே கிளம்புங்க."

"இந்த மூஞ்சியோடவா? பேச்சை விட்டவன், இப்போ கருமாதியே பண்ணிட்டான்னு நினைக்க மாட்டாரா? மீசை வளர எத்தனை நாளாகுங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வளர்ந்துவிட்டதா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

கிள்ளானில் நடந்ததை அந்தோணி பிற்பாடு சொன்னார். வண்டியிலிருந்து இறங்கினால், செத்துப்போனவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே ஓடி வருகிறார். அந்தோணி கையில் இருந்த பச்சைக் கொடியைக் கீழே போட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெரியவர் உடனே அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாராம்.

விளக்கு வைக்கும் நேரம். பாயில் பத்துப் பேர் இருந்தார்கள். உயரமான ஒரு கிழவர், நரைத்த பெரிய மீசையோடு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். துக்க வீட்டு முறைப்படி யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து சுப்பையா அவர் காதருகே குனிந்தார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"ரொம்ப வேண்டியவன்."

உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு முறைப்படியார் வந்தார். செம்பு கையிலிருந்து நழுவிப் பாயெல்லாம் தண்ணீர். பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"நான் செத்தாத்தான் வருவேன்னு சொன்னே. செத்துட்டேன்னு ஊரெல்லாம் பேசுது. அப்பவும் நீ வரல. அதான் நானே வந்தேன்."

"அப்பா... நாலாம் படம்..." என்றார் முறைப்படியார்.  நான்தான் தாளை எடுத்துக் காட்டி விளக்கினேன். பெரியவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, படம் படமாகப் பார்த்தார். பிறகு மகனின் தாடையைத் திருப்பிக் கீறல்களைத் தடவினார்.

"படிகாரம் வெச்சியா?"

"வெச்சேம்ப்பா."

"வேற எங்கேயும் வெட்டிக்கலையே?"

பாயில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. இறந்தவர் வந்துவிட்டால் அதற்கு என்ன முறை? சுப்பையாவே தடுமாறி, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்; மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதல்லவா? தெருமுனைவரை போனவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். எல்லோரையும் திருப்பி அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார். பத்துப் பேரும் உரக்க, ஒரே குரலில் சொன்னார்கள்.

"போயிட்டு வரோம்!"

"வாங்க, வாங்க," என்றார் பெரியவர்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் எழுந்தபோது பெரியவர் கரியடுப்பை மூட்டித் தண்ணீர் சுடவைத்திருந்தார். முக்காலியை வெளிச்சத்தில் போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்து மகனை எழுப்பினார்.

"எடுடா."

"எதையப்பா?"

"என் மீசையை. நீ மட்டும் இப்படித் திரிஞ்சா பார்க்கிறவன் எல்லாம் கேட்பான். ரெண்டு பேருக்கும் இல்லைன்னா, எங்க வீட்டு வழக்கம்னு சொல்லிக்கலாம்."

"வெட்டிடுவேம்ப்பா. ஒரு தடவைதான் பண்ணியிருக்கேன்."

"வெட்டினா வெட்டு."

முறைப்படியார் நுரை எழுப்பிப் பூசினார். பெரியவர் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். முறைப்படியார் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை.