பதினான்காவது பிரிவும் ஒரு ஃப்ரிட்ஜும்

வீட்டுச் சுவரோரம் நின்ற கேரவன் வண்டிக்குப் போகும் மின்சார ஒயரில், துணி காயப்போடும் கிளிப்பால் ஒரு கடிதம் மாட்டியிருந்தது. வெர்னா அதை இரண்டு முறை படித்துவிட்டு, சவரம் செய்துகொண்டிருந்த கணவர் ஓரினிடம் கொண்டுபோய் நீட்டினார்.

குடியிருப்போர் சங்கத்தின் கடிதம். பிரிவு பதினான்கின்படி, ஒயர் இணைத்த வண்டி எதுவும் வீட்டு வளாகத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கீழே தலைவர் எல்ட்ரெட் ஹாகனின் கையெழுத்து.

"ஃப்ரிட்ஜை அணைச்சிடு. ஊருக்குப் போறப்போ போட்டுக்கலாம்," என்றார் ஓரின்.

"போன தடவை அப்படித்தான் அணைச்சு வெச்சோம்."

போன தடவை நடந்தது தெருவுக்கே தெரியும். மாண்டனாவில் இருக்கும் மகள் ஜோலீனுக்கு வலி எடுத்துவிட்டதென்று போன் வந்தது. பிரசவமான வீட்டுக்கு ஹாட்டிஷ் இல்லாமல் போகிற தாய் எங்கள் மினசோட்டாவில் கிடையாது. கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி, சுட்டு, உறையவைத்த பன்னிரண்டு தட்டுகள் தயாராக இருந்தன. கேரவன் ஃப்ரிட்ஜோ குளிர ஒரு முழு நாள் எடுக்கும் ஜாதி. வெர்னா காத்திருந்தார். குழந்தை காத்திருக்கவில்லை. பாதி வழியில் இருக்கும்போதே பேத்தி பிறந்துவிட்டாள். இந்தக் கதையை வெர்னா சொல்லாத ஆள் கிடையாது. ஹாகனிடமே இரண்டு முறை சொல்லிக் கண்ணைத் துடைத்திருக்கிறார்.

இப்போது ஜோலீனுக்கு இரண்டாவது. இந்த முறை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதென்று வெர்னா முடிவு செய்துவிட்டார். தட்டுகள் ஏற்கெனவே வண்டிக்குள் உறைந்து கிடந்தன. வீட்டு ஃப்ரீசரில் வைக்க முடியாது. அது முழுக்க ஓரின் சுட்டுவந்த மான்.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் வெர்னா. எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர். சங்கம் நாற்பத்தெட்டு மணி என்றால் நாற்பத்தெட்டு மணிதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒயரைப் பிடுங்கி, நாற்காலிகளை மடித்து, ஓரினை ஏற்றிக்கொண்டு, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். முதல் நாள் கிளம்ப நாற்பது நிமிடம் ஆனது. ஹாகன் எதிர்வீட்டு வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். ஊர்த் தீயணைப்பு நிலையத்தை முப்பது வருடம் நடத்தியவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை என்று வெர்னா பல்லைக் கடித்தார்.

நாலாவது சுற்றில் ஓரினுக்கே ஒரு யோசனை தோன்றியது. ஒயர்தானே பிரச்சினை, ஃப்ரிட்ஜை எரிவாயுவில் ஓட்டலாமே. ஆனால் அதன் சூடு வீட்டுச் சுவரில் படக் கூடாது. எனவே வண்டியைச் சுவரோரத்திலிருந்து சரிவான பாதைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. சரிந்து நின்றால் அந்த ஃப்ரிட்ஜ் குளிராது. சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் தாழ்ந்தே இருந்தது. வெர்னா உள்ளே போய், பிரித்தே பார்க்காத சங்க விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் செருகினார். அளவு கச்சிதமாக இருந்தது.

மறுநாளே இரண்டாவது கடிதம் வந்தது. பிரிவு பதினான்கு, உட்பிரிவு ஆ. எரிவாயு எரியும் வண்டிக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான்.

"இதுக்கு ஒயரே தேவலையே," என்றார் வெர்னா. ஆனால் ஒயரைக் கழற்றியபோது ஓரின் பிளக்கையும் உடைத்துவிட்டிருந்தார்.

மானைத் தின்று ஃப்ரீசரைக் காலி செய்வதென்று ஓரின் கிளம்பினார். காலையில் மான், மதியம் மான். ஒரு தட்டு இடம் கிடைப்பதற்குள் அவருடைய தம்பி ஆசையாக இன்னொரு தொடையைக் கொண்டுவந்து திணித்துவிட்டுப் போனார்.

ஆக, தினம் ஒரு புறப்பாடு. இங்கேதான் வெர்னாவை மெச்ச வேண்டும். வேறு யாராயிருந்தாலும் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு அழுதிருப்பார்கள். அவர் நாற்காலிகளை நிரந்தரமாகக் கட்டிவைத்தார். எண்ணெயும் தண்ணீரும் எப்போதும் நிரம்பியே இருந்தன. ஓரினின் செருப்பு வண்டிப் படியிலேயே குடியிருந்தது. நாற்பது நிமிடம் இருபத்தைந்தாகி, பதினொன்றாகியது. தபால் பெட்டிக்கும் மேப்பிள் மரத்துக்கும் நடுவே அந்த முப்பதடி வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுப்பார். பார்க்கிற எங்களுக்குத்தான் வியர்க்கும். ஹாகன் மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொள்வார். பதினொன்று வந்த வாரத்தில் மூன்றாவது கடிதமும் வந்தது. இனி பன்னிரண்டு மணி நேரம்.

"அந்த மனுஷன் என்னைக் கொல்லத்தான் பொறந்திருக்கார்," என்றார் வெர்னா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோலீன் கூப்பிட்டாள். "அம்மா, வலி ஆரம்பிச்சிடுச்சு."

வெர்னா போனைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஓரின் ஒரு கன்னத்தில் நுரையோடு ஏறினார். பலகைகள் பறந்தன. நாலு நிமிடத்தில் வண்டி தெருவில் இருந்தது. ஹாகன் வழியில் நின்று கையை உயர உயர ஆட்டினார். விதியை மீறாத வெர்னா அன்று முதல்முறையாக நிற்காமல் போனார். ஒதுங்கியது ஹாகன்தான்.

அறுநூறு மைல். மாலை ஆறேகாலுக்கு மகளின் கை அவர் கைக்குள் இருந்தது. ஆறு முப்பத்தைந்துக்குப் பேரன் பிறந்தான். ஜோலீன் கையை விடவே இல்லை. வெர்னா குழந்தையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்து வாய்விட்டு அழுதார். ஹாட்டிஷ் தட்டுகள் கல்லாக உறைந்து வந்து சேர்ந்திருந்தன.

மறுநாள் அதே தெம்பில் சங்கச் செயலாளர் மார்னிக்குப் போன் போட்டார். ஹாகன் காட்டிய கையை மதிக்காமல் வந்ததற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்த விதியை மாற்றியே தீருவேன் என்றார்.

"என் புத்தகம் சக்கரத்துக்கு அடியில நசுங்கிப்போச்சு. பிரிவு பதினாலை நீயே கொஞ்சம் படி மார்னி."

மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"நம்ம புத்தகம் பன்னெண்டோட முடிஞ்சிடுதே வெர்னா. ஓ... 'கிளம்ப இன்னும் பதினோரு நிமிஷம் ஆகுது, குழந்தைக்கு முன்னாடி போய்ச் சேர மாட்டாங்க, இன்னொரு கடிதம் வேணும்'னு ஹாகன் எங்கிட்ட லெட்டர்பேப்பர் வாங்கிட்டுப் போனது இதுக்குத்தானா?"