கன்னியப்பனுக்குப் பதினோரு மதிப்பெண்

ஒரு முதியவர் ஆறு மாதம் கழித்து நடப்பாரா, படுத்திருப்பாரா என்பதை முன்கூட்டியே அறிந்தவர் இதுவரை கடவுள் ஒருவர்தான். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியின் டேப்லெட் கணினியும் அறியும். கடவுள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் 'நம்பிக்கை மதிப்பெண்' நாற்பது நொடியில் சொல்லிவிடும். அதன் கமிட்டிக்குச் செயலாளர் அடியேன்.

மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உழைத்த கன்னியப்பன், நிமோனியாவோடு வந்து, பன்னிரண்டு நாள் ஐசியுவில் கிடந்து பிழைத்தார். நடைப்பயிற்சி கொடுக்க எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட். ஐம்பது மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்கள் மேல் அவருடைய பொன்னான நேரத்தை வீணாக்குவதில்லை என்பது கமிட்டியின் கொள்கை முடிவு.

நர்ஸ் கன்னியப்பனின் உள்ளங்காலைப் பேனா முனையால் கீறினார். கால் அசையவில்லை. டேப்லெட் நூற்றுக்குப் பதினொன்று போட்டது.

அவர் மனைவி திரௌபதியும் உப்பளத்தில் வேலை செய்பவர். குறுக்கே வந்து நின்றார்.

"உப்புல நின்னு நின்னு மரத்துப்போன காலுங்க அது. கீறினா என்னா தெரியும்? நாலு நாள் கைய புடிச்சி நடக்க வையுங்க, நடந்துடுவாரு."

விஞ்ஞானத்தைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? பொறுத்துக்கொண்டோம். அந்தம்மா விடவில்லை. தன் காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்து, தனக்கும் கீறிப் பார்க்கச் சொன்னார். கீறினோம். அதுவும் அசையவில்லை. வயது முதலிய விவரங்களைத் தட்டியதும் அவருக்கும் அதே பதினொன்று: 'ஆறு மாதத்தில் நடக்க வாய்ப்பில்லை.'

"அப்ப நான் வூட்டுக்கு எப்டிங்க போறது?"

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கன்னியப்பனின் டிஸ்சார்ஜ் தாளில் 'முழு ஓய்வு. நடக்க வைத்தால் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல' என்று பெரிய டாக்டர் கையாலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம். பெரிய டாக்டர் எழுத்தாயிற்றே, பாவம், புருஷனும் மனைவியும் பயந்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, கணிப்பைச் சரிபார்க்கக் கமிட்டி காரில் அவர் வீட்டுக்குப் போனது. கன்னியப்பன் கட்டிலில் கிடந்தார். கால்கள் வற்றிச் சூம்பிப்போயிருந்தன. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மரியாதையாகக் கேட்டார்.

"சார், இனிமே நடக்கலாங்களா?"

கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்த மகிழ்ச்சியில், கமிட்டித் தலைவர் கட்டிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அறிக்கையில் ஒரு வரி நிரம்பவில்லை. பதினோரு மதிப்பெண் எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நடந்தார், ஆகவே படுத்திருக்கிறார். மற்றவருக்கு அதைக் கேட்க நேரமில்லை. உப்பளத்திலிருந்து இரண்டு மைல் நடந்து வந்து, எங்கள் எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தார்.