கொட்டாஞ்சேனையில் அப்பாவைச் சாகடித்தேன்

எனக்கு என்னைப் பற்றிப் பேச வராது. அடுத்தவரைப் பற்றி என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று யாராவது கேட்டால் போதும், என் பெயரே எனக்குச் சந்தேகமாகிவிடும். இப்படிப்பட்டவன் இரவல் வாங்கிய வாழ்க்கை வரலாற்றோடு பெண் பார்க்கப் போகக்கூடாது. நான் போனேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் நான் சின்னக் கிளாக்கர். வெள்ளவத்தையில் ஆறு பிரமச்சாரிக் கிளாக்கர்மார் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். அப்படியான வீட்டைச் சமறி என்பார்கள். சமறியில் எல்லாம் பொது. நல்ல கோட்டு ஒன்று, கழுத்துப்பட்டி ஒன்று, இஸ்திரிப்பெட்டி ஒன்று. பெண் பார்க்கப் போகிறவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான். எங்களில் மூத்தவரான குணரத்தினம் அண்ணை அதை டைப் அடித்து அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். வாழ்க்கை வரலாறு, பொழுதுபோக்கு, கொள்கை என்று மூன்று பந்தி. (அதை எழுதியவருக்கே இன்னும் பெண் கிடைக்கவில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. டைப் அடித்த தாள் என்றால் கிளாக்கர்மாருக்கு வேதவாக்கு.)

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெண். பத்மாவதி; கொட்டாஞ்சேனை வீடு, பள்ளிக்கூட ரீச்சர். பின்னேரங்களில் புறக்கோட்டையில் கிராண்ட்பாஸ் ட்ராமில் ஏறுவாள். வெள்ளவத்தைக்கு ரயில் பிடிக்க வேண்டிய நான், இரண்டு மாதம் எதிர்ப்பக்கமாக அந்த ட்ராமில் போய்த் திரும்பி வந்தேன். ஒரு சொல் கதைக்கவில்லை. பிறகு மாமாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு, மாமா ஊரிலிருந்த அப்பாவுக்கு எழுதி, அப்பா பெண்ணின் தகப்பனுக்கு எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரச் சொல்லிவிட்டார்கள். அன்று பார்த்து மாமாவுக்குக் காய்ச்சல். தள்ளிப் போடவும் முடியாது, அடுத்த ஞாயிறு வேறு மாப்பிள்ளை வருகிறாராம். கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

பெண்ணின் தகப்பன் ஒரு கப்பல் கம்பனியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைக்கு ஆள் எடுத்தே பழகிய மனிதர். மேசைக்கு அந்தப்பக்கம் அவர், கையில் பென்சில். இந்தப்பக்கம் நான், கையில் ஒன்றுமில்லை. உள்ளறை வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதன் அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பார்த்ததும் எனக்கு நெஞ்சு ட்ராம் மணி மாதிரி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"சொல்லும் தம்பி. முதல் வாழ்க்கை வரலாறு. பிறகு பொழுதுபோக்கு, கொள்கை."

என் மண்டைக்குள் அலுமாரிக் கதவு திறந்தது.

"எட்டு வயதில் தந்தையை இழந்தேன்" என்றேன், கணீரென்று.

பென்சில் நின்றது. இழந்தது நானில்லை, குணரத்தினம் அண்ணை. அந்த வரியை விட்டுவிட வேண்டும் என்று கோட்டுக்கு இஸ்திரி போடும்போதுகூட நினைத்திருந்தேன்.

அவர் மேசை லாச்சியை இழுத்து ஒரு கடிதத்தை எடுத்தார். அப்பாவின் கையெழுத்து, குண்டு குண்டாக.

"அப்ப வியாழக்கிழமை எனக்குக் காயிதம் போட்டது ஆர்?"

"அது... பிறகு சுகமாயிட்டுது" என்றேன்.

(எத்தனையோ வருடம் யோசித்தும் இதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் அகப்படவில்லை.)

"சந்தோஷம். பொழுதுபோக்கு?"

"முத்திரை சேர்த்தல். கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்தல்..." மூன்றாவது மறந்து போயிற்று.

"ஏழைப் பிள்ளையளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் குடுத்தல்" என்றது திரைச்சீலை.

தகப்பன் இப்போது என்னைக் கேட்கவில்லை. திரையைப் பார்த்தே கேட்டார்: "கொள்கை?"

"சீதனம் வாங்கிறதிலை நம்பிக்கை இல்லை. பெரியாக்களின்ரை சொல்லைத் தட்டிறதிலையும் நம்பிக்கை இல்லை."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நீர் மூண்டாவது ஆள், தம்பி. முதல் வந்தவருக்கு மெய்யாவே தகப்பன் இல்லை. ரெண்டாவது ஆள் புத்தியாய் அந்த வரியை விட்டிட்டார். இந்தக் கோட்டும் இந்தக் கதிரையிலை முந்தி ரெண்டு தரம் இருந்த கோட்டுத்தான்."

சமறியில் எல்லாம் பொது என்றேனே, பெண் பார்க்கப் போய்த் தோற்ற கதையை மட்டும் ஒருவரும் பொதுவில் வைப்பதில்லை. எழும்பினேன். வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

"அப்பா, அவருக்குச் சொந்தமாய் ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "முத்திரை சேர்க்கிறேல்லை. சீட்டு விளையாடுறனான், கள்ளமும் அடிக்கிறனான். கடற்கரைக்குப் போறது வடை தின்ன. கணக்கு எனக்கே சரிவராது. சீதனம் வேண்டாமெண்டு நான் சொல்லுவன், ஆனால் அப்பா விடமாட்டார். அவர் உயிரோடைதான் இருக்கிறார், நல்ல சுகம். ரெண்டு மாசமாய் கிராண்ட்பாஸ் ட்ராமிலை ஏறுறனான். எனக்குக் கிராண்ட்பாஸிலை ஒரு அலுவலும் இல்லை."

தகப்பன் பென்சிலைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"தெரியும்" என்றது திரைச்சீலை. "நான் இறங்கின பிறகு சந்தியிலை நிண்டு பாத்தனான். அதே ட்ராமிலை பேசாமல் திரும்பிப் போவார்."

தகப்பன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளில் எழுதியிருந்ததை அழிறப்பரால் நிதானமாக அழித்தார். "இரும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தன்று என் மாமனார், பந்தலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "மாப்பிள்ளையின்ரை தகப்பன். இடையிலை ஒருக்கால் காலமானவர், இப்ப பரவாயில்லை."

அப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. ஊரிலிருந்து அவர் வந்து இறங்கினால் என் மகள் உள்ளே பார்த்துச் சத்தம் போடுவாள்: "அம்மா, செத்த அப்பப்பா வந்திருக்கிறார்."

கிழவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "கொப்பன் நிக்கிறானோ? நான் என்ன நோயிலை செத்தனான் எண்டு இண்டைக்காவது அவனிட்டை கேக்க வேணும்."