விசாரணை அண்ணையின் பழைய மீன் மெனு

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் ஒரு போன் ஆப்பை நிற்க வைத்து வாக்குமூலம் வாங்கிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் விசாரணை அண்ணை. மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். போனில் உள்ள பைல்களைத் திறக்கவும் நகர்த்தவும் அழிக்கவும் உதவுகிற சாதாரண பைல் மேனேஜர் ஒன்றைத் தெரிவு செய்ய அவர் எடுத்துக்கொண்ட காலத்தில், எங்கள் கட்டிடத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்து, அதில் ஒன்று நடக்கவும் தொடங்கிவிட்டது.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயரும் இருந்தது. அது அவருடைய பெர்மெஸ்ஸோவில், அதாவது இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையில், பத்திரமாக இருந்தது. எங்கள் வாயில் மட்டும் வரவில்லை. ஒரேத்தோ பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இருந்தோம். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சட்டி கழுவினார். நான் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது முதலாளியம்மாவின், வீட்டுத் தரையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டேன்.

அண்ணை வன்னியில் இருந்து வந்தவர். சோதனைச் சாவடி, முகாம், பிறகு இங்கே குவெஸ்தூரா எனும் பொலிஸ் அலுவலகம் என்று சீருடை போட்டவர்களுக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவர். எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய், பையில் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அவர் எத்தனை மொழியில் கேட்டிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. அதனால் தனக்கென்று ஒரு போன் வந்ததும், அதற்குள் நுழைய விரும்பும் எவரையும் தானே விசாரிப்பது என்று முடிவு செய்துவிட்டார். முதலில் மாட்டியது ஒரு டோர்ச் லைற் ஆப். அது தொலைபேசி எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது.

"வெளிச்சம் போடுறவனுக்கு என்ரை மச்சானின்ரை நம்பர் என்னத்துக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அன்றே அது வெளியேற்றப்பட்டது. அந்தக் கிழமை மின்சாரம் போனபோது அண்ணை மெழுகுதிரியோடு குளியலறைக்குப் போனார்.

சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்கள் வீட்டிலும் நாங்கள் போகும் மாதா கோயிலிலும் எல்லோரும் தங்கள் பத்திரங்களின் பிரதியை அவரிடம்தான் கொடுத்து வைத்தார்கள். மற்றவர்களுடைய போன் கடலில் விழும், சூப்பில் விழும். அவருடையது விழாது. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரம் எல்லாம் அவருடைய போனில் இருந்தன. என் வாழ்க்கையும் அதற்குள்தான் இருந்தது. ஊரில் கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் நான் தனியாகத் திரும்பி வந்துவிட்டேன். மனைவி முல்லைத்தீவில். அவளை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களை அவள் ஏழு மாதம் கச்சேரி எனும் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கும் பதிவாளரிடமும் அலைந்து எடுத்து, மூலப்பிரதிகளைக் கொழும்புக்கு அத்தாட்சி முத்திரைக்கு அனுப்பிவிட்டு, ஸ்கேன்களைக் கடைக்காரனின் போனில் இருந்தே எனக்கு அனுப்பியிருந்தாள். நான் அவற்றை அண்ணைக்கு அனுப்பிய மறு கிழமை என் போன் சிஞ்ஞோராவின் தோட்டத்து வெயிலில் கிடந்து வீங்கிச் செத்தது. கொழும்பில் இருந்து மூலப்பிரதிகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே அலுவலகத்தில் ஸ்கேன்களைக் கொடுக்க எனக்குக் கிடைத்த நாளைத் தவற விட்டால், வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான்.

இத்தனை பேருடைய காகிதத்தையும் அண்ணை முதலில் ஒரு இலவச பைல் மேனேஜரை நம்பித்தான் வைத்திருந்தார். அது பளபளப்பானது. தொட்டால் ராக்கெட் பறக்கும். ஒரு நாள் கோயிலில் அண்ணை யாரோ ஒருவருடைய குழந்தையின் ஞானஸ்நானப் பத்திரத்தைப் பங்குச் சுவாமிக்குக் காட்டப் போனார். பத்திரத்துக்கு முன்னால் நீச்சல் உடையில் ஒரு விளம்பரப் பெண் வந்து நின்று, போக மறுத்தாள். சுவாமி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணை அன்று சாப்பிடவில்லை.

வவுனியாவில் கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்ட தகுதியில், ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அந்த ஆப்பை எப்படி எழுதினார்கள் என்பதை யாரும் திறந்து பார்க்கலாம் என்று விளக்கினேன். விசாரணை உடனே என் பக்கம் திரும்பியது.

"ஆர் எழுதினது?"

"கன பேர், அண்ணை."

"சம்பளம் ஆர் குடுக்கினம்?"

"ஒருத்தரும் குடுக்கிறேல்லை."

"பிறகேன் செய்யினம்? உள்ளுக்கை என்னவோ இருக்கு."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தவர் முகத்தில் தெளிவு இருந்தது. தன்னுடைய உணவகத்தில் குசினி திறந்தபடி இருக்கிறதாம். சாப்பிட வருகிறவன் சமையல் தெரியாதவனாக இருந்தாலும் எட்டிப் பார்க்கலாமாம். எவனாவது பார்ப்பான் என்ற பயத்திலேயே சமையல்காரன் கையைக் கழுவுகிறானாம். ஓப்பன் சோர்ஸ் அப்படித்தான் என்று எனக்கே திருப்பி விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பிறகு ஏழு விண்ணப்பதாரிகள். ஒரு நோட்டுக் கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இன்டர்நெட் கேட்டவர்கள் முதலிலேயே போனார்கள். வீட்டுக்குள் பெட்டி அடுக்க வந்தவன் ஏன் வெளியே போய்க் கதைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அழித்த பைல்களைத் தனியே ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கும் இரண்டு பேரும் போனார்கள். எறி என்றால் எறிய வேண்டும், ஒளித்து வைக்கிறவனை நம்ப முடியாது என்றார். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. படமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை, அரசாங்கப் படிவம் மாதிரி ஒரு முகம். ஒரேயொரு குறை. அதை எழுதியவர் இரண்டு வருடமாக எதையும் புதுப்பிக்கவில்லை.

"தம்பி, அந்தப் பெடியன் சுகமா இருக்கிறானோ எண்டு ஒருக்கா எழுதிக் கேள்" என்றார்.

மானம் போகிறதே என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் இருந்து பதில் வந்தது. சுகமாக இருக்கிறாராம், குழந்தை பிறந்ததால் நேரமில்லையாம், விசாரித்ததற்கு மிக்க நன்றியாம். அண்ணை அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பான், இவன் பிள்ளை பிறந்தது என்று உள்ளதைச் சொல்கிறான், இவனை நம்பலாம் என்று தீர்ப்பாகியது. அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார். அந்தக் குழந்தைக்காகவாம்.

புதிய ஆப்பை ஒரு தரம் ஓட்டிப் பார் என்று போனை என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். அது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை நான் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள். ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கை சும்மா இருக்காது. போனில் இடம் இல்லை என்று காட்டியது. 'பழைய மீன் மெனு' என்று ஒரு பெரிய போல்டர் கிடந்தது. சட்டி கழுவுகிற மனிதருக்கு மெனு எதற்கு? அழித்தேன். நிச்சயமா என்று ஆப் கேட்டது. நிச்சயம் என்றேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்ததும், பழைய மெனுவைத் தூக்கி எறிந்து நிறைய இடம் எடுத்துத் தந்திருக்கிறேன் என்று பெருமையோடு அறிவித்தேன்.

துவாய் தலையிலேயே நின்றது. "அது மெனு இல்லை" என்றார்.

இடம்பெயர்ந்த நாட்களில் நகையை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துப் பழகிய மனிதர் அவர். விலைமதிப்பான பொருளுக்கு யாரும் தொடாத ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். சட்டி கழுவுகிறவனுடைய போனில் பழைய மெனுவை எவன் பார்க்கப் போகிறான் என்று எண்ணி, ஊரார் பத்திரங்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருந்தார். நான் பார்த்தேன். அவர் அவ்வளவு விசாரித்துத் தெரிவு செய்த ஆப், எறி என்றதும் நேர்மையாக எறிந்திருந்தது.

முல்லைத்தீவில் இருந்து கச்சேரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனவளுடைய முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அண்ணை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரே குசினிக்குப் போய் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து வந்து, பேப்பரை விரித்து, முழுவதையும் கொட்டினார். மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். தூளுக்கு நடுவில் பொலித்தீனில் சுற்றிய ஒரு மெமரி காட் இருந்தது. அந்தப் போத்தலில் இருந்துதான் நாங்கள் ஐந்து மாதமாகக் கறி வைத்துக்கொண்டிருந்தோம்.

விண்ணப்பதாரிகளை அசல் பத்திரங்களில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று, அவர் எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி, அதாவது பிரதி, எடுத்து வைத்திருந்தார். இருவரும் மாறி மாறித் தும்மிக்கொண்டு மெமரி காட்டைப் போனில் போட்டோம். உள்ளே ஆளுக்கொரு மீன் பெயரில் போல்டர்கள். கோயில் மூப்பர் சுறா. பக்கத்து அறை ஆள் கணவாய். நான் நெத்தலி. அந்தப் பெயருக்குக் கவலைப்பட நேரமில்லாமல் நெத்தலியைத் திறந்தேன். கல்யாணப் பதிவு இருந்தது, அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது, கடைசியாக அனுப்பியதும் இருந்தது.

"பயப்பிடாதை. மற்ற ஆக்களுக்கு ஒரு கொப்பிதான். உனக்கு மூண்டு வைச்சிருக்கிறன்" என்றார்.

"எனக்கு மட்டும் ஏன் அண்ணை?"

"நீ அவசரக்காரன். அந்தப் பிள்ளை அங்கை தனிய இருக்கு."

வியாழக்கிழமை போனேன், கொடுத்தேன். அடுத்த வருடம் மனைவி வந்து இறங்கினாள். மிளகாய்த்தூளை முதல் நாளே சலித்துப் பார்த்தாள், நான் கதையைச் சொல்லியிருந்தேன். அண்ணை பிறகு வடக்கே மிலானுக்கு மாறிப் போய்விட்டார். மற்ற இரண்டு கொப்பிகளும் எங்கே என்று கேட்டால் இன்றுவரை சொல்வதில்லை.

அவருக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், அவரிடம் அரைகுறைப் பதில் சொல்லித் தப்ப முடியாது. என்னோடு கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். என் மனைவி என்னிடம் வந்து சேர வேண்டும் என்று அவர்களில் ஒருவர்கூட அவ்வளவு கவலைப்படவில்லை.