ரகசிய விருந்தாளிக்கு எட்டடி பேனர்

ஒரு பெண்ணை நாடு கடத்தியவன் நான். அரசாங்கம் காகித வேலையை மட்டும்தான் பார்த்தது.

அப்போது மலேசியாவில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயில் கமிட்டிச் செயலாளரும் நானே. (போட்டியிட வேறு ஆள் இல்லை.) என் அக்கா சரோஜா உட்பட ஏழு குடும்பங்கள், தோட்டம் கொடுத்திருந்த லைன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. எங்கள் புகாரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை எழுதத்தான் மதுரையிலிருந்து தேன்மொழி என்ற நிருபர் வந்தார். முறையான அனுமதி கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தும் பதில் வராததால், சுற்றுலா விசாவில் வந்திருந்தார்.

“நிருபர்னு வெளிய தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கண்ணே,” என்றார்.

“நான் வாயத் தொறக்க மாட்டேன் லா,” என்றேன். திறக்கவும் இல்லை. நேராக அச்சகத்துக்குத்தான் போனேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவரைப் பேனர் இல்லாமல் வரவேற்பது எங்கள் தோட்டத்துக்கே இழுக்கு. ரகசியம் அரசாங்கத்துக்கு, பேனர் நம்ம சனத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். (அவ்வளவு மூளை.) எட்டடி அகலத்தில் அவர் முகம், கீழே ‘பிரபல பத்திரிகையாளர் வருக வருக’, மூலையில் கைகூப்பியபடி நான். கோயில் சுவரில் இடம் போதாததால் ரிங்லெட் மெயின் ரோட்டில் கட்டினேன்.

மறுநாள் கோயிலில் அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தபோது குடிநுழைவு அதிகாரிகள் வந்தார்கள். இவர் நிருபரா என்று ஒருவர் மலாயில் கேட்டார். தேன்மொழி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, சாதாரண நிருபர் இல்லை, மிகப் பெரிய நிருபர் என்று பெருமையாகச் சொன்னேன்.

நோட்டுப் புத்தகம், போன், அதில் இருந்த குறிப்பு, படம் எல்லாம் அவர்கள் கைக்குப் போயிற்று. ஜீப்பில் ஏறுமுன் அவர் பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவர் இங்கே வரவும் முடியாது. அடுத்த மாதம் லைன் வீடுகளை இடித்தார்கள். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

இன்றும் வீட்டில் யாராவது ரகசியம் பேசும்போது நான் உள்ளே நுழைந்தால், “மெல்லப் பேசுங்க, பொன்னாட போர்த்திருவாரு,” என்பாள் என் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் குடியிருக்கும் அக்காவும், வந்திருந்தால், சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார்.

“அந்தப் புள்ள எழுதியிருந்தா, எங்க வீட்டப் பத்தி என்னா தம்பி எழுதியிருக்கும்?”